இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஓர் இலவம்பஞ்சுப் படுக்கை

என் தங்கை நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். காலையில் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு அவள் படுக்கும் நேரத்தில்தான் வேலூர் வெயில் சூடுபிடிக்க ஆரம்பிக்கும். எங்களுடையது மாடி அறை, மேலே வெறும் கான்கிரீட் தளம். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்த அறைச் சுவரில் கை வைத்தாலே சூடு தெரியும். வார்டில் ஓடிய ஓட்டம் மனசில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூட்டில் படுத்துத் தூங்கு என்றால் எப்படித் தூங்குவாள்? கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "முதுகு சுடுதுக்கா" என்பாள்.

அவள் படுத்திருந்தது மெமரி ஃபோம் மெத்தை. உடம்பை அப்படியே தாங்கிக்கொள்ளும், மன அழுத்தம் குறையும் என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். 1960களில் நாசாவின் ஆராய்ச்சியில், விமான இருக்கைகளுக்காக உருவான பொருள் அது. உடம்புச் சூடு பட்டால் இளகி, ஆளின் வடிவத்துக்குக் குழிந்துகொடுக்கும். உடம்பின் அழுத்தம் பரவலாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் குழியும்போது முதுகையும் பக்கங்களையும் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் காற்று போக இடம் இருக்காது. ஏசி ஓடும் அறைக்கு அது சரி. எங்கள் அறைக்குச் சரிப்படவில்லை.

அவளுக்குப் புதுப் படுக்கை தைக்கும் வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம் புரிந்தது, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். தூக்கத்துக்குப் போகும்போது உடம்பு தன் உள்சூட்டை ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்கிறது. கை, கால், தோல் வழியாகச் சூட்டை வெளியே தள்ளித்தான் அது நடக்கிறது. இரவெல்லாம் இறங்கி விடியற்காலையில் அடிமட்டத்துக்கு வரும் அந்தச் சூடு, அப்புறம் பகலில் ஏறும். இரவில் தூங்குகிறவர்களுக்கு இது தானாகவே சாதகமாக அமைந்துவிடுகிறது. காலை ஒன்பது மணிக்குப் படுக்கிறவளுக்கு உடம்புக்குள்ளும் சூடு ஏறுகிறது, வெளியேயும் ஏறுகிறது. அதனால் அவள் படுக்கை மெத்தென்று இருப்பதைவிட, சூட்டையும் வியர்வையையும் தேங்கவிடாமல் போக்கிவிடுவதுதான் முக்கியம். ஒவ்வோர் அடுக்கையும் இந்தக் கேள்வியைக் கேட்டே தேர்ந்தெடுத்தேன்.

அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை பரண்மேல் கிடந்தது. கல் மாதிரி இறுகிப் போயிருந்தது, ஆனால் எலி கடிக்கவில்லை, பூஞ்சை வாடையும் இல்லை. தெருவில் மெத்தை தைத்துக் கொடுக்க வரும் பாய் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓர் ஓரத்தைப் பிரித்து, ஒரு பிடி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் பிசைந்து பார்த்தார். "பஞ்சு நல்லாத்தான் கீதும்மா. பாதிக்கு மேல தேறும். வெயில்ல போட்டு அடிச்சா எழும்பும். மிச்சத்துக்குப் புதுசு சேத்துக்கலாம்" என்றார். நான் கூடவே இருந்து கற்றுக்கொண்டு செய்கிறேன், தையல் என்னுடையது என்றேன். சரி என்றார்.

இலவம்பஞ்சு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இதன் இழை உள்ளே கூடாக, குழல் போல இருக்கும். இழையின் கன அளவில் சுமார் 80 சதவீதம் வெறும் காற்று. வெளியே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, அதனால் தண்ணீரை உறிஞ்சாது. முன்பு கப்பல்களில் மிதவைச் சட்டைகளுக்குள் அடைத்தது இதைத்தான். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகி நாளடைவில் கட்டி தட்டும். இலவம் அந்த ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. உறைத்துணி காய்ந்தால் மெத்தை காய்ந்த மாதிரிதான். இதற்கும் குறை உண்டு. இழை வழுவழுப்பாகவும் எளிதில் ஒடிவதாகவும் இருப்பதால், வருஷக்கணக்கில் படுத்தால் நொறுங்கி அமுங்கிப் போகும். ஆனால் பிரித்து, ஆற்றி, புதிதாகச் சேர்த்து மறுபடி தைக்கலாம். அமுங்கிய ஃபோமை இப்படிப் பிரித்துச் சரிசெய்ய வழியே இல்லை.

பிரிக்கும் வேலையை விடியற்காலையில், ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். லேசான காற்று பட்டாலும் பஞ்சு வீடெல்லாம் பறக்கும். மூக்கு, வாயை ஈரத் துண்டால் கட்டிக்கொள்வது அவசியம். பழைய மெத்தையில் பஞ்சுத் தூசியோடு வருஷக்கணக்கான வீட்டுத் தூசியும் சேர்ந்திருக்கும். ஆஸ்துமா, தூசி அலர்ஜி இருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் வீட்டிலேயே இருக்கக் கூடாது. தங்கை டூட்டியில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் பிரித்தோம்.

பிரித்த பஞ்சை மூன்றாகப் பிரித்தோம். வெளிர் மஞ்சளாகப் பளபளப்பு குறையாமல் இருந்தது ஒரு பக்கம். இறுகியிருந்தாலும் கையால் பிய்த்தால் விரிந்தது இன்னொரு பக்கம். பழுப்பேறி, கறை பிடித்து, கசக்கினால் பொடியானதைத் தள்ளிவிட்டோம். தேறியது 6 கிலோ.

அதை மொட்டை மாடியில் காயப்போட்ட விதம் பாயின் யோசனை. பழைய கொசுவலையைப் பை மாதிரி கட்டி, அதற்குள் பஞ்சைத் தளர்வாகப் போட்டு, தார்ப்பாய் மேல் பரப்பினோம். காற்று உள்ளே போகும், பஞ்சு வெளியே வராது. வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்? மத்தியானம் ஒரு தடவை புரட்டிவிட்டு, மூங்கில் கழியால் வலைக்கு மேலேயே மெல்லத் தட்டினோம். மெல்ல என்பது முக்கியம். பருத்தியை அடிப்பது போல இலவத்தை ஓங்கி அடித்தால் இழை ஒடிந்து தூளாகிவிடும். மெஷினில் கொடுத்து அடித்தாலும் அதேதான் என்றார் பாய். சாயங்காலம் பார்த்தபோது காலையில் பாதி வலை இருந்த பஞ்சு வலை முழுக்க உப்பியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதுப் பஞ்சு 4 கிலோ வாங்கினேன், கிலோ 300 ரூபாய். இலவங்காய் வெடிப்பது கோடைக்காலத்தில்தான், அந்தச் சமயத்தில் வாங்கினால் புதுச் சரக்காகக் கிடைக்கும். கலப்படம் பார்க்கத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. மில் கழிவுப் பஞ்சும் பாலியெஸ்டரும் கலந்து விற்பது உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு இடையில் திரித்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நூலாக நீளும், இலவம் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். இன்னொரு சிட்டிகையைக் கடைக்கு வெளியே வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். இலவம் குப்பென்று பிடித்து, காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு உருண்டையாகக் கெட்டிப்படும். இப்படிக் குப்பென்று பிடிக்கிற பொருள் என்பதால் கட்டிலுக்குக் கீழே கொசுவத்தி வைக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் அன்றோடு விட்டோம்.

புதுப் பஞ்சில் கொட்டைகள் நிறைய இருந்தன. கொட்டையில் எண்ணெய் உண்டு, எலியும் பூச்சியும் அதற்குத்தான் வரும். படுத்தால் முதுகிலும் உறுத்தும். பருத்தியில் கொட்டையோடு இழை ஒட்டிக்கொண்டிருக்கும். இலவத்தில் அப்படி ஒட்டுவதில்லை. பெரிய கூடையில் பஞ்சைப் போட்டு, குறுக்குக் குச்சி கட்டிய கழியால் கிளறினேன். "நல்லா உலுக்கி விடும்மா, கொட்ட எல்லாம் தானா கீழ எறங்கிடும்" என்றார் பாய். அப்படியே அடியில் சேர்ந்தது.

உறைக்கு, மெத்தைக்கென்றே விற்கும் கோடு போட்ட தடித்த பருத்தித் துணி. 54 அங்குல அகலத்தில் நாலரை மீட்டர். நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் பஞ்சு அதன் வழியே வெளியே வரும். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டேன், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும் என்று.

மெத்தை அளவு 6 அடிக்கு 3 அடி. மேலும் கீழும் போகும் துண்டுகளை நீளத்திலும் அகலத்திலும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டினேன். முடிச்சுப் போட்டு இழுக்கும்போது துணி உள்வாங்கும், அந்தக் கூடுதல் அதற்கு. சுற்றிலும் 4 அங்குல உயரத்துக்குப் பட்டி, தையலுக்கு விட்டு 5 அங்குல அகலத்தில் வெட்டியது. மேல்துணியையும் அடித்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்தாலும் மெத்தை வரும். ஆனால் அது நடுவில் பானை வயிறாகவும் ஓரத்தில் சப்பையாகவும் இருக்கும், ஓரமாகப் படுத்தால் சரியும். பட்டி வைத்தால் கட்டிலின் விளிம்பு வரை ஒரே கனம். தையல் பொடியாக, எல்லா ஓரத்திலும் இரட்டையாக ஓட்டினேன். ஒரு நீளப் பக்கத்தை மட்டும் அடைப்பதற்காகத் திறந்து விட்டேன்.

பஞ்சு அடைப்பதில்தான் பாயின் அனுபவம் தெரிந்தது. தலையணைக்குக் கொஞ்சம் புதுப் பஞ்சை ஒதுக்கிவிட்டு, மீதியைப் பழசோடு நன்றாகக் கலந்து, தராசில் நிறுத்து, சம எடையில் பத்துக் குவியல் போடச் சொன்னார். துணிமேல் சாக்பீசால் பத்துக் கட்டம். முதலில் மூலைகளைக் கையை உள்ளே விட்டு இறுக்கமாக அடைத்தார், அப்புறம் ஒரு கட்டத்துக்கு ஒரு குவியல். கண் அளவில் அடைத்தால் கை எட்டும் பக்கம் அதிகமாகவும் எட்டாத பக்கம் குறைவாகவும் போய்விடும். அடைத்த பிறகு கால்மாட்டுக் கட்டங்களிலிருந்து ஒரு பிடி எடுத்து இடுப்பு வரும் இடத்துக்கு நகர்த்தினார். படுக்கும்போது உடம்பில் அதிக எடை இறங்குவது இடுப்பில். அங்கே தாழ்ந்துவிட்டால் முதுகெலும்பு வளைந்து, எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்து, புரட்டிப் படுக்கவைத்து வேலை பார்த்துவிட்டு வருகிற முதுகுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திறந்த பக்கத்தைத் தைத்து மூடிய பிறகு மூங்கில் கழியால் மேலாகத் தட்டிச் சமன்படுத்தினோம். அடுத்தது முடிச்சு. இது இல்லாவிட்டால் பஞ்சு சில மாதத்திலேயே இடம் மாறி ஓரத்தில் குவிந்துவிடும். நீளமான கோணி ஊசியில் முறுக்கிய தடித்த பருத்தி நூலைக் கோத்து, மேலிருந்து கீழே குத்தி, ஒரு விரற்கடை தள்ளித் திரும்ப மேலே எடுத்து, இழுத்து முடிய வேண்டும். ஒரு ஜாணுக்கு ஒரு முடிச்சு. ஒரு வரிசையில் மூன்று, அடுத்த வரிசையில் அவற்றின் இடைவெளிகளுக்கு நேராக நான்கு. ரொம்ப இறுக்கினால் மெத்தை பலகையாகிவிடும். தளர்த்தினால் முடிச்சால் பயனில்லை. நூல் இழுபட்டு, முடிச்சைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் குழி விழும் அளவே போதும்.

நூல் துணியை அறுக்காமல் இருக்க ஒவ்வொரு முடிச்சின் அடியிலும் சின்னத் துணி உருண்டை வைப்பது வழக்கம். எங்கள் பக்கம் அதைவிட நல்ல பொருள் கிடைக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளிலும் செருப்புத் தொழிற்சாலைகளிலும் கழிக்கும் மெல்லிய லைனிங் தோல். பாய் பையில் ஒரு பொட்டலமே வைத்திருந்தார். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக வெட்டி, மேலும் கீழும் வைத்து முடிந்தோம். உட்காரும் இடம், இடுப்பு வரும் இடம் எல்லாம் நூல் இழுத்தாலும் துணி கிழியாது. தோல் உடம்பில் நேராகப் படாது, மேலே வேறு அடுக்குகள் வருகின்றன.

மெத்தை நன்றாக வந்தும் கட்டில் சரியில்லை என்றால் வீண். எங்கள் கட்டிலில் முழு பிளைவுட் பலகை போட்டிருந்தார்கள். மேலிருந்து இறங்கும் சூடும் ஈரமும் அதில் முட்டி நின்றுவிடும். பலகையை எடுத்துவிட்டு, மர ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் அடித்தேன். ரீப்பரின் விளிம்பு உறைத்துணியைத் தேய்க்காமல் இருக்க மேலே ஒரு பழைய ஜமுக்காளம். கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளையும் அப்புறப்படுத்தினேன். இந்த ஒரு மாற்றத்தை எந்த மெத்தை வைத்திருப்பவருக்கும் சொல்வேன். செலவு குறைவு, பலன் அதிகம்.

மெத்தைக்கு மேலே கோடையில் கோரைப்பாய். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் பாய் என்றால் வந்தவாசிதான். 1989-ல் மாவட்டம் பிரிந்தபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பாய் அங்கிருந்துதான் வரும். கோரைத் தண்டுக்குள் பஞ்சுபோன்ற சோறு இருக்கும், மேல்தோல் வழவழப்பு. முதுகில் ஒட்டாது, தண்டுகளுக்கு இடையே காற்று நுழையும், வியர்வை சீக்கிரம் ஆவியாகும். வெறும் பாயில் படுத்தால் தோளும் இடுப்பும் தரையில் அழுந்தும். வெறும் மெத்தையில் முதுகு புழுங்கும். மெத்தைமேல் பாய் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. பிளாஸ்டிக் பாய் இந்த வேலைக்கு ஆகாது, வியர்வை அதன்மேலேயே நிற்கும். பாய்க்கு மேல் நன்றாகத் துவைத்து மெலிந்த பருத்தி விரிப்பு ஒன்றே ஒன்று.

தலையணையையும் மாற்றினேன். அவள் பக்கவாட்டில் படுப்பவள். தோளுக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பும் உயரம்தான் வேண்டும். ஒரு கிலோ பஞ்சு அடைத்து, ஓரத்தில் ஜிப் வைத்தேன். அவளைப் படுக்கவைத்து, மூக்கும் மார்பின் நடுவும் ஒரே கோட்டில் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை வெளியே எடுத்தோம். கால் கிலோவுக்கு மேலேயே வெளியே வந்தது. கடைத் தலையணையில் இத்தனை வருஷம் கழுத்தை மேலே வளைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். உறைக்குள் சின்னத் துணிப்பையில் உலர்ந்த வெட்டிவேர் வைத்தேன். அது தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து என்று சொல்ல மாட்டேன். வார்டில் நுகர்ந்த டெட்டால் வாடைக்குப் பிறகு அந்த வாசம் அவளுக்குப் பிடித்திருக்கிறது, அது போதும்.

கடைசியாக ஒன்று. படுத்ததும் கால்மேல் கொஞ்சம் கனம் இருந்தால் மனசு அடங்குகிறது என்று அவளே சொல்லுவாள். சின்ன வயசில் அம்மாவின் காலைத் தூக்கித் தன் கால்மேல் போட்டுக்கொண்டு தூங்கியவள் அவள். இதற்காகவே கண்ணாடி மணிகள் நிரப்பிய கனமான போர்வைகள் விற்கிறார்கள், ஆளின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம் என்பது பொதுவான கணக்கு. வேலூர் வெயிலில் உடம்பு முழுக்க அப்படிப் போர்த்த முடியுமா? அதனால் தொடைமேல் மட்டும் போடும்படி, ஒரு முழ அகலத்தில் இரட்டைத் துணிப் பட்டி தைத்தேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் நன்றாகக் காயவைத்த புளியங்கொட்டை. மொத்தம் இரண்டரை கிலோ. கொட்டை கனமானது, வழவழப்பானது, தொட்டால் குளிர்ச்சி. அறைகள் இல்லாவிட்டால் எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிடும். ஓரத்தை நாடா முடிச்சாக விட்டிருக்கிறேன், கொட்டையைக் கொட்டிவிட்டுத் துணியைத் துவைக்கலாம், கொட்டையை வெயில் காட்டலாம். குழந்தைகள் மேலும், தானாகத் தள்ளிவிட முடியாத முதியவர்கள் மேலும், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மேலும் இப்படிக் கனம் எதையும் போடக் கூடாது.

ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, மத்தியானத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். வேலூர் கோடை வறண்ட கோடை என்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி உள்ளே வரும் காற்று குளிர்கிறது. கடலோர ஊர்ப் புழுக்கத்தில் இது இந்த அளவுக்கு எடுபடாது. தட்டியே வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறது.

செலவு: பஞ்சு 1,200 ரூபாய், துணி 650, மெத்தை தைக்கும் பாய்க்குக் கூலி 800, ரீப்பர், நூல், ஜிப் எல்லாம் சேர்த்து 600. கோரைப்பாய் வீட்டிலேயே இருந்தது.

இப்போது தங்கை படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்புவதில்லை, அவளாக எழுந்து வரும்போது சாப்பிடுகிறாள். முதுகு சுடுகிறது என்ற பேச்சு நின்றுவிட்டது. மெத்தை முதல் சில வாரங்களில் அமுங்குவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டு மாடியில் வெயில் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு நனையாவிட்டாலும் உறைத்துணி ஈரம் பிடிக்கும், வெயில் எட்டிப் பார்க்கும் நாளை விடக் கூடாது. மார்கழிப் பனிக்குக் கோரைப்பாயை எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, மெத்தைமேல் நேராக விரிப்பைப் போட்டால் போதும். அம்மாவின் தலையணைகள் இரண்டும் அடுத்து பிரிக்கக் காத்திருக்கின்றன, புதுப் பஞ்சில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.